டோனி பென்னின் ஐந்து கேள்விகளும் நம்முடைய ஒரு கேள்வியும்

இந்த உரையை எழுதியது ஒரு கை என்றாலும் இதில் உள்ளது ஒருவருடைய யோசனை அல்ல. வாசிப்பு வட்டத்தில் பல ஞாயிற்றுக்கிழமைகள் பேசியும் சண்டை போட்டும் சேர்த்தது. அதனால்தான் இதில் 'நான்' இல்லை.

யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இந்த உரை நடக்கிறதோ, அந்த ஆசிரியரை நாங்கள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் 'சார்'. 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 51.9 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். வங்கிகளுக்கும் பெருமுதலாளிகளுக்கும் விழுந்த அடி என்று பாதிப் பேர் மகிழ்ந்தோம். மீதிப் பேர், நைஜல் ஃபராஜ் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு திறந்துவைத்த விளம்பரப் பலகையைப் பற்றிப் பேசினோம். அகதிகள் நீண்ட வரிசையில் நடந்து வரும் படம் அது. சார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வெள்ளைக்காரன் ஒன்றியத்தை விட்டுப் போறான், சரி. அங்க இருக்கிற நம்ம ஜனங்க எதை விட்டுப் போறாங்க?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து முயன்றிருக்கிறோம். ஃபராஜை வைத்து அதற்குப் பதில் தேடுவது எளிது, பயனும் இல்லை. வெறுப்பை விற்பவரை எதிர்க்க நமக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாம் மதிக்கக்கூடிய ஒருவர், நம் பக்கம் நிற்கக்கூடிய ஒருவர், அதே வெளியேற்றத்தைக் கேட்டிருந்தால் என்ன செய்வது? அப்படி ஒருவர் இருந்தார். டோனி பென். தொழிற்கட்சியின் இடதுசாரித் தலைவர். 1925இல் பிறந்து 2014இல் மறைந்தார். வெளியேற்றத்தைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் அதற்கான வாதத்தை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்.

அவர் வீட்டுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சர். 1930 நவம்பரில் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் தாழ்த்தப்பட்டோர் சார்பில் சென்றபோது, அந்த இலாகா அவரிடம்தான் இருந்தது. ஆறு வயதில் காந்தியைச் சந்தித்ததை டோனி பென் பெருமையோடு நினைவுகூருவார். அந்த 1931இல் அதே லண்டனில் அண்ணல் காந்தியோடு எதற்காக மோதிக்கொண்டிருந்தார் என்பதைப் பற்றி அவர் பேசி நாங்கள் படித்ததில்லை. முற்போக்காளர்களின் நினைவில் விழும் இந்த ஓட்டை நமக்குப் பழகியதுதான்.

பென் நம் கவனத்துக்கு உரியவர் ஆவது அவருடைய பிறப்புப் பிரச்சினையால். தந்தைக்கு 1942இல் பிரபு பட்டம் தரப்பட்டது. பரம்பரைப் பட்டம். மூத்த மகன் போரில் இறந்துவிட, பட்டம் இளையவர் டோனி மேல் வந்து விழும் நிலை. 1960 நவம்பரில் தந்தை இறந்த அந்த நொடியே அவர் பிரபு ஆகிவிட்டார். அன்று பிரபு மக்களவையில் உட்காரக் கூடாது. பத்தாண்டுகள் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவரைப் பிறப்பு வெளியே தள்ளியது. 1961 இடைத்தேர்தலில் மறுபடி நின்றார், வென்றார். தேர்தல் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாது என்று சொல்லி, தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளரிடம் இடத்தைக் கொடுத்தது. போராட்டத்தின் முடிவில் 1963 ஜூலை 31 அன்று, பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. அன்றைக்கே முதல் ஆளாகத் துறந்தார்.

சமூகவியல் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிறப்பு தந்த மேல்நிலையை ஒருவர் கையெழுத்துப் போட்டு இறக்கி வைக்கலாம். நாடாளுமன்றம் அதற்கென்று ஒரு சட்டமே போடும். பிறப்பு தந்த கீழ்நிலைக்கு அப்படி ஒரு படிவம் எந்த நாட்டிலும் அச்சாகவில்லை. இதைச் சொல்வது பென்னைக் குறைத்துப் பேச அல்ல. பிறப்பா, மக்களின் வாக்கா என்ற சண்டையை நேரடியாக அனுபவித்தவர் என்பதால்தான் அவருக்கு வாக்குச்சீட்டின் மேல் அவ்வளவு பக்தி. அந்த அனுபவத்திலிருந்துதான் அவருடைய இறையாண்மைக் கருத்து முளைக்கிறது.

அதே 1963இல் அதே பிரிஸ்டலில் இன்னொன்று நடந்தது. அந்நகரத்துப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் ஓட்டுநராகவும் நடத்துநராகவும் சேர்க்க மறுத்தது. தொழிற்சங்கக் கிளையும் அதற்கு உடந்தை. பால் ஸ்டீஃபன்சனும் மேற்கிந்தியத் தீவு இளைஞர்களும் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். பென் வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றார். நான்கு மாதத்தில் நிறுவனம் பணிந்தது. செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளையரல்லாத முதல் நடத்துநர் ஒரு சீக்கியர். 1965இல் பிரிட்டனில் முதல் இன உறவுச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்தப் போராட்டமும் இருக்கிறது. ஆக, இறையாண்மை பேசிய பென் நிறவெறியை மறைத்துப் பேசியவர் இல்லை. 1970 தேர்தலில், வந்தேறிகளுக்கு எதிராகத் தீ மூட்டிக்கொண்டிருந்த இனோக் பவலின் கொடியை நாஜி வதைமுகாம்களின் கொடியோடு ஒப்பிட்டுப் பேசி, சொந்தக் கட்சிக்காரர்களையே பதற வைத்தவர் அவர்.

இனி ஒன்றியத்துக்கு வருவோம். தொடக்கத்தில் பென் ஐரோப்பியப் பொதுச்சந்தைக்கு எதிரி அல்ல. 1960களின் கடைசியில் தொழில்நுட்ப அமைச்சராக இருந்தபோது சேரலாம் என்ற பக்கம்தான் இருந்தார். 1970இல் அவர் கேட்டது வாக்கெடுப்பு: இவ்வளவு பெரிய முடிவை மக்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஹீத் அரசு கேட்காமலே 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டனைச் சேர்த்தது. 1974 கடைசியில் தன் தொகுதி மக்களுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம்தான் அவருடைய கருத்தின் அடித்தளம். சாரத்தை எங்கள் சொற்களில் சொல்கிறோம். சட்டம் போடும் உரிமையும் வரி போடும் உரிமையும் உறுப்பினருக்குச் சொந்தமானவை அல்ல, மக்கள் அவருக்குக் கடனாகக் கொடுத்தவை. ஐந்தாண்டு முடிந்ததும் அவர் அவற்றை அப்படியே திருப்பித் தர வேண்டும். பிரஸ்ஸல்ஸில் இருக்கும், மக்கள் தேர்ந்தெடுக்காத, மக்கள் நீக்கவும் முடியாத ஆணையத்திடம் அவற்றைத் தூக்கிக் கொடுக்க உறுப்பினருக்கு உரிமை இல்லை. வாடகைக்கு இருப்பவர் வீட்டை விற்க முடியாது என்பதுபோல.

1975 ஜூன் 5 அன்று பிரிட்டன் முழுவதற்குமான முதல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 67.2 விழுக்காடு பேர் ஒன்றியத்தில் இருக்க வாக்களித்தார்கள். பென் தோற்றார். முடிவை அப்போதே ஏற்றுக்கொண்டார். சில நாட்களில் பிரதமர் வில்சன் அவரைத் தொழில்துறையிலிருந்து எரிசக்தித் துறைக்கு மாற்றினார். அந்த வாக்கெடுப்பில் வேண்டாம் என்ற பக்கம் இருந்த இன்னொரு பெரிய பெயர் யார் தெரியுமா? இனோக் பவல். ஐந்தாண்டுகளுக்கு முன் வதைமுகாமைக் காட்டி எவரைச் சாடினாரோ அவரும் பென்னும் ஒரே கட்டத்தில் பேனாவை வைத்தார்கள். வாக்குச்சீட்டில் இரண்டு கட்டங்கள்தான். எதற்காக அந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்று எழுத இடம் கிடையாது. வேண்டும் என்ற பக்கம் மார்கரெட் தாட்சர் ஐரோப்பியக் கொடிகள் பின்னிய ஸ்வெட்டரோடு திரிந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறையாண்மை என்ற சொல்லை யார் எப்போது எடுப்பார்கள் என்று யாராலும் ஜாதகம் எழுத முடியாது.

பவலுக்கு இறையாண்மை என்றால் தேசம்: மண், ரத்தம், தொடர்ச்சி. பென்னுக்கு அது நீக்கும் உரிமை. 1991இல் மாஸ்ட்ரிக்ட் விவாதத்தின்போது, தான் ஐரோப்பியனாகவே பிறந்தேன், ஐரோப்பியனாகவே சாவேன், பிரச்சினை ஜனநாயகம்தான் என்ற பொருளில் பேசினார். ஐரோப்பா முழுவதையும், கிழக்கையும் சேர்த்து, தளர்வான ஒரு கூட்டமைப்பாக்கும் மசோதாவையும் முன்வைத்தார். 2001இல் மக்களவையிலிருந்து விடைபெற்றபோது, அதிகாரத்தில் இருக்கும் யாரிடமும் கேட்க வேண்டியவை என்று அவர் பல காலம் சொல்லிவந்த ஐந்து கேள்விகளை அங்கேயும் சொன்னார். உன்னிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, அதை எங்கிருந்து பெற்றாய், யாருடைய நலனுக்காகப் பயன்படுத்துகிறாய், யாருக்குக் கணக்குச் சொல்வாய், உன்னை எப்படி நீக்குவது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத அமைப்பில் ஜனநாயகம் இல்லை என்பது அவர் முடிவு.

இந்த ஐந்தையும் தமிழில் எழுதி எங்கள் வட்டத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். கூட்டுறவு சங்கத் தலைவர் முதல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வரை யாரிடமும் கேட்கலாம். நல்ல கருவி. ஆனால் நாளாக நாளாக ஒரு குறை தெரிந்தது. நீக்குவதற்கு எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை எப்போதும் எதிர்ப்பக்கம் இருந்தால்?

மகாடு நினைவிருக்கும். 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்கத் தீர்மானித்தது. 1924இல் மகாடு நகராட்சி அதை ஏற்றது. 1927 மார்ச்சில் அண்ணலும் ஆயிரக்கணக்கானோரும் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உள்ளூர்ப் பெரும்பான்மை தன் அதிகாரத்தை 'மீட்டுக்கொண்டது' என்று 2016இன் மொழியில் சொல்லலாம். உரிமையை உறுதிசெய்தது 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம். அந்த நீதிபதிகளை மகாடு மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, நீக்கவும் முடியாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அரசியல் அலகாக வைக்க வேண்டும் என்றவர்களை அண்ணல் அவ்வளவு கடுமையாக மறுத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டிப் பஞ்சாயத்துகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் தலைவர் பொறுப்பில் நிலைக்க முடியவில்லை. மேலவளவில் பொறுப்பேற்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அதிகாரத்தை நமக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் அது நம்முடையதாகிவிடும் என்று பிரிஸ்டலில் இருந்து எண்ணலாம். சேரியிலிருந்து பார்த்தால், நெருங்கி வரும் அதிகாரத்தின் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றும்.

2001 டர்பன் மாநாடும் அப்படித்தான். இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று நம் தோழர்கள் போய் நின்றபோது, இந்திய அரசு சொன்னது என்ன? சாதி உள்நாட்டு விவகாரம், அதில் வெளியார் தலையிட வேண்டாம். நம் வாழ்வில் இறையாண்மை என்ற சொல் அவ்வளவு பலமாக ஒலித்தது நம் வாயை அடைக்கத்தான். மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை தந்தது. மேலே ஒரு கதவு திறந்தது.

ஐரோப்பிய ஒன்றியமும் அப்படி ஒரு மேல்கதவா? இங்கேதான் வட்டத்தில் பெரிய சண்டை. 2015 ஜூலை மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஜூலை 5 அன்று கிரேக்க மக்கள் கடன் நிபந்தனைகளை வேண்டாம் என்று 61 விழுக்காடு வாக்களித்தார்கள். எட்டு நாள் கழித்து அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு அவர்களின் அரசு தலையாட்ட வேண்டியதாயிற்று. பென் உயிரோடு இருந்திருந்தால், அன்றே சொன்னேனே என்றிருப்பார். ஜூலை 16 அன்று ஒன்றியத்தின் நீதிமன்றம் பல்கேரிய வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. துப்னிட்சா நகரில் ரோமா மக்கள் வாழும் பகுதியில் மட்டும் மின்சார மீட்டர்களை ஆறேழு மீட்டர் உயரத்தில், கம்பத்தின் மேல் மாட்டியிருந்தது மின்நிறுவனம். மற்ற இடங்களில் ஆள் உயரத்துக்குள். 'அவர்கள் திருடுவார்கள்' என்பதுதான் காரணம். தன் மீட்டரில் ஓடும் எண்ணைக்கூட அண்ணாந்து பார்த்துப் படிக்க முடியாது. ஒரு பகுதி மக்கள் அனைவரையும் களங்கப்படுத்தும் இந்த நடைமுறை இனப்பாகுபாடு ஆகலாம் என்றும், வழக்குப் போட்ட கடைக்காரர் ரோமா இல்லை என்றாலும் அவருக்கும் முறையிட உரிமை உண்டு என்றும் நீதிமன்றம் சொன்னது. தேநீர்க்கடையில் தனிக் குவளையைத் தொங்கவிட்ட ஊர்க்காரர்களான நமக்கு அந்தக் கம்பத்தின் உயரம் புரியும். பல்கேரியாவில் ரோமாக்கள் சிறுபான்மை. எந்தத் தேர்தலிலும் தம் பலத்தால் மட்டும் அந்த மீட்டரைக் கீழே இறக்கியிருக்க முடியாது.

ஒரே மாதம், ஒரே ஒன்றியம். கிரேக்கரின் வாக்கை மிதித்த கையும் ரோமாவின் மனுவை வாங்கிய கையும் ஓர் உடலில் இருந்தன. இதைச் சமன்செய்து ஒரு தீர்ப்புச் சொல்ல எங்களால் முடியவில்லை.

இப்போது சாரின் கேள்வி. பிரிட்டனில் இருக்கும் நம் மக்கள் எதை விட்டுப் போனார்கள்? ஒரு வழக்கைச் சொல்கிறோம். லண்டனில் சூடான், லிபியத் தூதரகங்களில் வீட்டுவேலை செய்த இரண்டு பெண்கள் தங்கள் உரிமைகளுக்காக வழக்குப் போட்டார்கள். அயல்நாட்டு அரசுக்கு விலக்கு உண்டு என்றது பிரிட்டனின் 1978ஆம் ஆண்டுச் சட்டம். 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒன்றியத்தின் அடிப்படை உரிமைச் சாசனத்தை வைத்து, ஒன்றியச் சட்டத்திலிருந்து பிறந்த கோரிக்கைகளுக்கு அந்த விலக்கை ஒதுக்கித் தள்ளியது. பிரிட்டனின் சொந்தச் சட்டத்திலிருந்து பிறந்த கோரிக்கைகளுக்கு, 'இந்த விலக்கு மனித உரிமைக்குப் பொருந்தவில்லை' என்று அறிவிக்க மட்டுமே முடிந்தது. அந்தச் சாசனத்தைத்தான் 2018இன் வெளியேற்றச் சட்டம் பிரிட்டன் சட்டத்திலிருந்து கழற்றி வைத்தது. நாடாளுமன்றத்துக்கு இறையாண்மை திரும்பியது. வீட்டுவேலைக்காரியின் கையில் இருந்த ஒரு கருவி போயிற்று.

ஆனால் ஒன்றியத்தின் சட்டத்தில் சாதி என்ற சொல் எப்போதும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது, தீர்மானம் சட்டமாகாது. சாதிக்கான சண்டை லண்டனில்தான் நடந்தது, அங்கே பென்னின் கோட்பாட்டுக்கு ஒரு சோதனை காத்திருந்தது. சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்கும் திருத்தத்தை 2013 மார்ச்சில் நிறைவேற்றியது எந்த அவை? பென் ஒழிக்க நினைத்த பிரபுக்கள் அவை. ஏப்ரலில் அதைத் தள்ளியது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை. பிரபுக்கள் அவை மறுபடி வலியுறுத்திய பிறகே அரசு இறங்கி வந்தது. 'சேர்க்கலாம்' என்று இருந்தது 'சேர்க்க வேண்டும்' என்றானது. சில இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2017இல் கருத்துக்கேட்பு நடத்திய அரசு, 2018 ஜூலையில் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. நீதிமன்றங்களே பார்த்துக்கொள்ளும் என்றது. 2014இல், பீகாரிலிருந்து வீட்டுவேலைக்கு அழைத்துவரப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண்ணின் வழக்கில், 'இனத் தோற்றம்' என்ற சொல்லுக்குள் சாதியும் சில வேளைகளில் வரலாம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. அந்த 'வரலாம்' போதும் என்று, நாடாளுமன்றமே எழுதிய 'வேண்டும்' ஓரத்தில் வைக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில்தான் நாடாளுமன்றத்தின் இறையாண்மையை மீட்கிறோம் என்று நாடெங்கும் முழங்கினார்கள். பென் இருந்திருந்தால் முதல் கேள்வியை அமைச்சர் முகத்துக்கு நேரே எறிந்திருப்பார் என்று நம்புகிறோம். வாக்கெடுப்புக்கு அடுத்த மாதம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன, மத வெறுப்போடு நடந்த குற்றங்கள் முந்தைய ஆண்டின் ஜூலையைவிட 41 விழுக்காடு அதிகமாகப் பதிவானதைப் பார்த்து அவர் தன் வாதத்தை மாற்றியிருப்பாரா என்று தெரியாது. அவருடைய மகன் ஹிலாரி பென் ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்றவர். 2019இல் ஒப்பந்தமில்லா வெளியேற்றத்தைத் தடுக்க, அவகாசம் கேட்கும்படி பிரதமரைக் கட்டாயப்படுத்திய சட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு குடும்பத்துக்குள்ளேயே முடியாத வாதம் இது.

எங்களுக்குள்ளும் முடியவில்லை. மாநில சுயாட்சியைத் தயக்கமில்லாமல் ஆதரிக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். சென்னையில் ஒட்டாத காதில் டெல்லியிலும் ஒட்டாது, ஜெனிவாவில் ஒட்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சுவரில் ஒட்டிய ஐந்து கேள்விகளுக்குக் கீழே ஆறாவதாக ஒன்றை எழுதியிருக்கிறோம்: உன்னை நீக்கும் எண்ணிக்கை எங்களிடம் இல்லாதபோது, எங்கள் மனுவை யார் வாங்குவார்? மாநிலம், ஒன்றியம், கூட்டமைப்பு என்று யார் எதைப் பிரித்தாலும் சேர்த்தாலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் கை தூக்குவது என்பதில் மட்டும் வட்டத்தில் ஒப்புதல்.

பிரபுக்கள் அவையின் 2013 ஏப்ரல் விவாதப் பதிவை மாணவர் குழு தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறது, பாதி முடிந்திருக்கிறது. சட்டச் சொற்களில் உதவி தேவை. சட்டக் கல்லூரித் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் படியை வாங்கிச் செல்லலாம். இப்போது கேள்விகள். பின்வரிசையிலிருந்து தொடங்குவோம்.